நவீன ஓவியத்தின் முன்னால் புரியாமல் நிற்பது

நவீன ஓவியக் கண்காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒண்ணும் புரியல." சிலர் அதைக் கோபமாகச் சொல்வார்கள். சிலர் தங்களிடம்தான் ஏதோ குறை இருப்பதுபோலத் தணிந்த குரலில் சொல்வார்கள். எனக்கு வருத்தம் தருவது இரண்டாவது வகை. ஆர்வத்தோடு உள்ளே போன ஒருவர், வெளியே வரும்போது தன்னைப் பற்றியே ஒரு படி குறைவாக நினைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

நான் ஓவியம் படித்தவன் இல்லை. கலை விமர்சனம் எழுதுகிறவனும் இல்லை. எங்கே போனாலும் அங்கே ஒரு கலைக்கூடம் இருந்தால் உள்ளே நுழைந்து பார்த்துவிடுகிற சாதாரணப் பார்வையாளன். இத்தனை வருடப் பழக்கத்தில் ஒரு விஷயம் எனக்கு உறுதியாகப் பட்டிருக்கிறது. "புரியவில்லை" என்று நாம் சொல்கிற நேரத்தில் பெரும்பாலும் நாம் இன்னும் பார்த்தே முடித்திருக்க மாட்டோம். பார்வை முடிவதற்குள் தீர்ப்பு முந்திக்கொள்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதற்கு எனக்கு உதவியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஒரு படைப்பின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கவனித்து எழுதிய ஓர் ஆய்வு 2001-இல் வெளிவந்தது. சராசரி 27.2 விநாடி. அந்தச் சராசரியையும் நீண்ட நேரம் நின்ற சிலர்தான் தூக்கிவிட்டார்கள். பாதிக்குப் பாதி பார்வைகள் 17 விநாடிக்குள் முடிந்துவிட்டன. அவர்கள் பார்த்தவை உலகப் புகழ்பெற்ற ஓவியங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

பழைய பாணியில் வரைந்த ஓர் உருவப்படம் 17 விநாடியில் உங்களுக்கு நிறையவே கொடுத்துவிடும். ஒரு முகம், வயது, உடை, கையில் பிடித்திருக்கும் பொருள், ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம். பார்த்துவிட்டோம் என்ற நிறைவோடு நகரலாம். ஆனால் வெறும் நிறமும் கோடும் மட்டுமே உள்ள ஒரு படம் அந்த 17 விநாடியில் ஒன்றுமே தராது. அதனுடைய கடிகாரம் வேறு. நம் பழைய வேகத்தோடு அதன் முன்னால் போய் நின்றால் வெறுங்கையோடுதான் திரும்புவோம்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு கறுப்புப் படம். அமெரிக்க ஓவியர் ஆட் ரைன்ஹார்ட் வரைந்தது. அன்றைக்கு அண்ணனும் கூட வந்திருந்தார். அண்ணன் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவர். எதையும் எண்ணிப் பார்த்து, சரிபார்த்து, அதற்குப் பிறகே ஒப்புக்கொள்வார். ஐந்தடிக்கு ஐந்தடி சதுரம், முழுக்கக் கறுப்பு. சட்டென்று பார்த்தால் அவ்வளவுதான். அண்ணன் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னடா இது? கறுப்பு பெயின்ட் அடிச்சு மாட்டியிருக்கான்."

"கொஞ்சம் நில்லுங்கண்ணே. எதிர்ல பெஞ்ச் இருக்கு பாருங்க, உக்காருவோம்."

உட்கார்ந்தோம். முதல் அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கண் அந்த இருட்டுக்குப் பழகப் பழக, படத்தின் நடுவில் ஏதோ ஒன்று கிடைமட்டமாக ஓடுவதுபோலத் தோன்றியது. பட்டை மாதிரி. அது நிஜமா, என் கண்ணின் களைப்பா என்று தெரியவில்லை. பார்வையை விலக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். இருந்தது. அப்புறம் அதற்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக இன்னொரு பட்டை. இரண்டும் சேர்ந்து ஒரு சிலுவை வடிவம். மூலைகளில் நான்கு சதுரங்கள். அண்ணன் என் தோளைத் தட்டி, "மூலையில இருக்கிற கறுப்பு வேற கறுப்புடா. கொஞ்சம் சிவப்பா இருக்கு," என்றார். உண்மைதான். மூலைகளில் சிவப்பு கலந்த கறுப்பு, நிமிர்ந்த பட்டையில் நீலம் கலந்த கறுப்பு, படுக்கைப் பட்டையில் பச்சை கலந்த கறுப்பு. மொத்தம் ஒன்பது கட்டங்கள். பெயின்ட் அடித்து மாட்டிய ஒரே கறுப்பு என்று நாங்கள் நினைத்தது, மூன்று கறுப்புகளை ஒன்றோடொன்று கிட்டத்தட்ட ஒட்டிவிடும் எல்லைவரை கொண்டுபோய் நிறுத்திய வேலை.

கண் சிமிட்டினால் கட்டங்கள் மறைந்துவிடுகின்றன, மறுபடி நிதானமாகப் பார்த்தால்தான் திரும்ப வருகின்றன. பக்கத்தில் வந்து நின்றவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் அறிவில் எந்த வித்தியாசமும் இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு தடுப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். பக்கத்துப் படங்களுக்கு இல்லாத பந்தா இதற்கு மட்டும் எதற்கு என்று முதலில் தோன்றத்தான் செய்தது. ரைன்ஹார்ட் எண்ணெய் வண்ணத்திலிருந்து எண்ணெயை முடிந்தவரை பிரித்தெடுத்துவிட்டுத்தான் இந்தப் படங்களைத் தீட்டினார் என்று பிறகு படித்தேன். பளபளப்பே இருக்கக் கூடாது, வெளிச்சம் பட்டு எதிரொளிக்கக் கூடாது என்பதற்காக. அதனால் மேற்பரப்பு பொடி போல மென்மையாகிவிட்டது. ஒரு விரல் பட்டால் போதும், விரலில் உள்ள எண்ணெய்ப் பசை அங்கே பளபளக்கும் தழும்பாகத் தங்கிவிடும். அதைத் துடைத்து எடுக்க முடியாது. கயிற்றுக்குக் காரணம் அதுதான். கலைக்கூடத்தில் விசித்திரமாகத் தெரியும் பல ஏற்பாடுகளுக்குப் பின்னால் இப்படி ஏதாவது பொருள் சார்ந்த காரணம் இருக்கும். கேட்டால் அங்கே நிற்கும் காவலர்களே சொல்வார்கள். நாள் முழுக்க அந்தப் படங்களோடு இருக்கிறவர்கள் அவர்கள். எந்தப் படத்தின் முன் ஜனங்கள் நிற்கிறார்கள், எங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. என் அனுபவத்தில், அப்படிக் கேட்பதை அவர்களில் பெரும்பாலோர் விரும்பவே செய்கிறார்கள்.

ஓவியத்தைக் கண்டதும் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பதை அதற்குப் பிறகு நிறுத்திக்கொண்டேன். அந்தக் கேள்வி நம்மை ஒரு பரீட்சை அறையில் உட்காரவைத்துவிடுகிறது. எங்கோ ஒரு சரியான விடை இருக்கிறது, அது எனக்குத் தெரியவில்லை என்ற பதற்றம் வந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, "இங்கே என்ன செய்திருக்கிறார்?" என்று கேட்கிறேன். எதைக் கொண்டு, எப்படி, எந்த வரிசையில்? இதற்குப் பதில் படத்திலேயே இருக்கிறது. யாரிடமும் கேட்க வேண்டாம், எதையும் முன்கூட்டிப் படித்திருக்க வேண்டாம்.

அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிறுக்கலுக்கும் சிதறலுக்கும் உதாரணமாக எல்லோரும் கைகாட்டுவது அவரைத்தான். 1947 முதல் 1950 வரை அவர் கேன்வாஸைத் தரையில் விரித்துப் போட்டு, வீட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட்டைக் குச்சியாலும் இறுகிப்போன தூரிகையாலும் ஊற்றியும் சொட்டவிட்டும் வரைந்தார். அந்தப் படங்களில் ஏதாவது ஒரே ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே அதன் பின்னால் போய்ப் பாருங்கள். கோடு மெலிந்திருக்கும் இடத்தில் கை வேகமாகப் போயிருக்கிறது. தடித்து, குட்டையாகத் தேங்கியிருக்கும் இடத்தில் கை தயங்கியிருக்கிறது. ஒரு கோடு இன்னொன்றின் மேல் ஏறும் இடத்தில் இரண்டு நிறமும் கலந்து கலங்கியிருந்தால், கீழே இருந்தது காய்வதற்குள் அடுத்தது விழுந்திருக்கிறது. கலங்காமல் தனித்தனியாக நின்றால், காயவிட்டுப் பிறகு வந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில், ஓர் ஆள் அந்தக் கேன்வாஸைச் சுற்றி நடந்த நடையே உங்களுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். 1948-இல் வரைந்த ஒரு பெரிய படத்தின் மேல் வலது மூலையில் அவருடைய கைத்தடங்களே பதிந்திருக்கின்றன. அர்த்தம் என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு அந்தக் கை படாது.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை இதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து சொல்லித்தருகிறது. 1963-இல் தொடங்கிய வரிசை அது. சென்னைக்குப் பக்கத்தில் உள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்தை 1966-இல் தொடங்கியவரும் அவர்தான். அந்தப் படங்களில் வரிவரியாக எழுத்து மாதிரி இருக்கும், ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், கணக்குச் சமன்பாடு மாதிரி இருக்கும். நம் கண் உடனே படிக்கத் தொடங்கும். படிக்க முடியாது. எழுத்து போலத் தோன்றுகிறதே தவிர எழுத்து இல்லை. எழுத்தைக் கண்டால் படித்தே தீர வேண்டும் என்று நமக்குள் இருக்கும் அவசரத்தை அந்தப் படம் பிடித்து நிறுத்துகிறது. படிக்கிற முயற்சியைக் கைவிட்ட பிறகுதான் வரிகளின் நெருக்கம், நிறங்களின் இடைவெளி, கைவேலையின் நிதானம் எல்லாம் தெரிய வருகின்றன. இதை ஒருவர் திட்டமிட்டுச் செய்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தருகிறது.

சரி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பு அட்டையை என்ன செய்வது? படிக்கவே கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதலில் பார்ப்பது, பிறகு படிப்பது, அப்புறம் மறுபடி பார்ப்பது என்ற வரிசை எனக்கு ஒத்துவருகிறது. அட்டையில் முதலில் நான் தேடுவது இரண்டுதான்: ஆண்டு, எதைக் கொண்டு செய்தது.

ஆண்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மறுபடியும் கறுப்புக்கே போகலாம். ரைன்ஹார்ட்டின் ஐந்தடிக் கறுப்புச் சதுரங்கள் 1960 முதல் வந்தவை. ஓவியர் காஸிமிர் மாலேவிச்சின் 'கறுப்புச் சதுரம்' 1915-இல் ரஷ்யாவின் பெட்ரோகிராட் நகரில் மாட்டப்பட்டது. அச்சில் சின்னதாகப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம் போலத்தான் தெரியும். ஆனால் மாலேவிச் தன் சதுரத்தைச் சுவரின் நடுவில் மாட்டவில்லை. அறையின் மேல் மூலையில், ரஷ்ய வீடுகளில் புனிதப் படங்களை வைக்கிற இடத்தில் மாட்டினார். பார்க்க வந்தவர்களுக்கு அது எப்படி உறைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓவியத்தில் இதுவரை இருந்ததையெல்லாம் நிறுத்திவிட்டு இங்கிருந்து புதிதாகத் தொடங்குகிறேன் என்ற அறிவிப்பு அது. ரைன்ஹார்ட்டோ, யாரும் வரையக்கூடிய கடைசி ஓவியங்கள் இவை என்று தன் படங்களைப் பற்றிச் சொன்னார். ஒன்று தொடக்கம், ஒன்று முடிவு. ஆண்டைப் பார்க்காதவருக்கு இரண்டும் கறுப்புச் சதுரம்.

மாலேவிச்சின் சதுரத்தைக் கிட்டத்தில் எடுத்த புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். கறுப்பு முழுக்க வெடிப்பு விட்டிருக்கிறது. வெடிப்புகளின் ஊடே உள்ளிருந்து வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. சதுரத்தின் பக்கங்கள் அளவெடுத்தாற்போல நேராகவும் இல்லை. 2015-இல் மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கூடத்து ஆய்வாளர்கள், அந்தக் கறுப்புக்கு அடியில் வண்ணத்தில் வரைந்த இரண்டு படங்கள் புதைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். "ஒன்றுமே இல்லாத" படத்துக்குள் இரண்டு படங்கள்.

அட்டையில் நீளமான விளக்கம் இருந்தால் எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். அதில் உள்ள வாக்கியம் என் கண்ணைப் படத்தின் ஏதாவது ஓர் இடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். "இடது பக்கம் சாம்பல் நிறத்தை மூன்று தடவை சுரண்டி எடுத்திருக்கிறார்" என்று இருந்தால் உடனே போய்ப் பார்ப்பேன். இருப்பு, வெளி, சுயம், விளிம்பு என்று வார்த்தை மேல் வார்த்தையாக அடுக்கிக்கொண்டே போய், கண்ணை எங்கேயும் அனுப்பாவிட்டால் அதை அப்படியே விட்டுவிடுகிறேன். கலைக்கூடங்களில் எழுதிவைக்கிறவர்கள் இந்த விஷயத்தில் பார்வையாளருக்கு நியாயமாக நடந்துகொள்வதில்லை என்றே சொல்வேன். படம் புரியவில்லை என்று திரும்புகிறவர்களில் எத்தனையோ பேரை உண்மையில் குழப்பியது அந்த அட்டைதான்.

ஆனால் அட்டை இல்லாமல் தொட முடியாத படைப்புகளும் உண்டு. ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991-இல் செய்த ஒன்றில், அறையின் மூலையில் பளபளக்கும் வண்ணத் தாள்களில் சுற்றிய மிட்டாய்கள் குவிந்திருக்கும். பார்வையாளர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். கண்ணை எவ்வளவு நேரம் வைத்துப் பார்த்தாலும் அது மிட்டாய்க் குவியல்தான். குவியலின் எடை 175 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 79 கிலோ என்று வகுத்திருக்கிறார். தலைப்பில் ராஸ் என்ற பெயர் இருக்கிறது. ராஸ், அந்தக் கலைஞரின் இணையர். அதே 1991-இல் எய்ட்ஸ் நோயால் இறந்துபோனவர். ஆரோக்கியமான ஓர் ஆணின் உடல் எடையாகவே அந்த 175 பவுண்டைப் பலரும் வாசிக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒன்று எடுக்க எடுக்கக் குவியல் மெலிகிறது. கூடத்தார் மறுபடி நிரப்பலாம். கொன்சாலஸ்-டோரஸும் 1996-இல் அதே நோயில் இறந்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் குவியலிலிருந்து ஒரு மிட்டாயை எடுக்கக் கை நீட்டும்போது கை சாதாரணமாக நீளாது. இங்கே படைப்பின் பாதி மூலையில் கிடக்கிறது, மறுபாதி அந்தச் செய்தியில் இருக்கிறது. அதனால் இப்பொழுதெல்லாம், அன்றாடப் பொருள் ஏதாவது தரையில் கிடந்தால், படம் பார்ப்பதைவிடச் சீக்கிரமாக அட்டைக்குப் போய்விடுகிறேன்.

அண்ணனுக்கு இந்த "அன்றாடப் பொருள்" விஷயத்தில்தான் ஆறாத கோபம். "செங்கல்லை அடுக்கிவச்சுட்டு அதைக் கலைங்கிறான். அதை ஒரு மியூசியம் காசு கொடுத்து வாங்குது!" என்பார். அவர் சொல்வது அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆண்ட்ரேயின் படைப்பு. 120 சூளைச் செங்கற்கள், இரண்டு அடுக்கு, தரையில் ஒரு செவ்வகம். லண்டன் டேட் கலைக்கூடம் 1972-இல் வாங்கியது. 1976-இல் பத்திரிகைகள் கண்டுபிடித்து, மக்கள் பணம் வீண் என்று பெரும் கூச்சல் எழுந்தது. ஒருவர் வந்து அதன் மேல் நீலச் சாயத்தையும் ஊற்றினார்.

கறுப்புப் படம் பார்த்த அதே நாளில், அதே பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் படைப்பின் தலைப்பில் எட்டு என்ற எண் இருப்பதைச் சொன்னேன். "அப்ப மத்த ஏழு எங்கே?" என்று அண்ணன் உடனே கேட்டார். தணிக்கை புத்தி. அதுதான் சரியான கேள்வி. ஆண்ட்ரே 1966-இல் ஒரே அறையில் எட்டுச் செவ்வகங்களை வைத்தார். எல்லாவற்றிலும் 120 செங்கல், எல்லாமே இரண்டு அடுக்கு. ஓர் அடுக்குக்கு 60. அண்ணன் பேனாவை எடுத்து நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். அறுபதைச் செவ்வகமாக அடுக்கினால் 3-க்கு 20, 4-க்கு 15, 5-க்கு 12, 6-க்கு 10. நான்கு வகை. செங்கல்லை நீளவாக்கில் வைக்கலாம், குறுக்குவாக்கிலும் வைக்கலாம். நான்கு இரண்டு எட்டு.

"ஓ! எட்டும் ஒரே கன அளவு. ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது," என்றார். குரலில் இருந்த கோபம் போய், கணக்கு நேரான திருப்தி வந்திருந்தது. ஒன்று நீண்டு ஒல்லியாக இருக்கும், ஒன்று அகலமாகப் பரந்திருக்கும், இரண்டுமே சமம். எட்டையும் ஒன்றாக ஓர் அறையில் பார்த்தவர்களுக்கு இது கண்ணிலேயே தெரிந்திருக்கும். எட்டாவதை மட்டும் தனியாகப் பார்த்த பத்திரிகைக்காரர்களுக்குச் செங்கல்தான் தெரிந்தது. டேட் வாங்கியதுகூட 1966-இன் அசல் செங்கற்கள் இல்லை. விற்காததால் ஆண்ட்ரே அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு வேறு செங்கற்களைக் கொண்டு மறுபடி செய்தது.

தனியாகத் தொங்கும் அல்லது கிடக்கும் ஒரு படைப்பு அபத்தமாகத் தெரிந்தால், அது எந்த வரிசையைச் சேர்ந்தது என்று தேடுவது எனக்கு இப்படித்தான் பழக்கமாயிற்று. தலைப்பில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். கைபேசியில் அதே கலைஞர் அதே ஆண்டில் செய்த மற்றவற்றைத் தேடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

"இதை என் பையனே வரைவான்" என்பதும் அண்ணன் அடிக்கடி சொல்வதுதான். கலைக்கூடத்தில் அதிகமாகக் காதில் விழும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். நியாயமான சந்தேகம் என்றே நினைக்கிறேன், அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், உருவங்கள் இல்லாமல் வரைகிற, பெயர்பெற்ற அரூப ஓவியர்களின் படங்களையும், அவற்றைப் போலவே தோற்றமளிக்கும் குழந்தைகள், குரங்குகள், யானைகள் வரைந்த படங்களையும் ஜோடி ஜோடியாகக் காட்டி எது மேல் என்று கேட்டார்கள். சில ஜோடிகளில் வரைந்தவர் யார் என்ற குறிப்பையே மாற்றிவைத்தார்கள். அப்படியும், ஓவியரின் படத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் குருட்டாம்போக்கில் வரக்கூடியதைவிடத் தெளிவாக அதிகம். ஓவியப் பயிற்சி இல்லாத மாணவர்களும் அதில் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னார்கள் என்றில்லை. ஆனால் புரியவில்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நம் கண் ஏதோ ஒன்றைப் பார்த்துவிடுகிறது என்பதற்கு அது போதுமான சாட்சி.

அந்தக் கண்ணை நம்பலாம் என்பதற்கு இன்னொரு சம்பவம். 1961-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸின் 'படகு' 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. காகிதத்தை வெட்டி ஒட்டிய எளிமையான படம். மேலே பாய்மரம், கீழே தண்ணீரில் அதன் பிரதிபலிப்பு. தவறைக் கண்டுபிடித்தது அருங்காட்சியகத்தில் வேலை செய்தவர் இல்லை, பார்க்க வந்த ஒரு பெண். நுணுக்கமான பகுதி நிஜப் படகாகவும் எளிமையான பகுதி நிழலாகவும்தானே இருக்க முடியும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. படத்தையும் அச்சில் இருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னார். இதை நவீனக் கலையைக் கிண்டல் செய்யப் பலர் பயன்படுத்துகிறார்கள். எனக்கோ அது சாதாரணப் பார்வையாளர் ஒருவரின் பொறுமைக்குக் கிடைத்த வெற்றி.

படத்தின் முன் நிற்கும்போது நான் செய்கிற வேறு சில காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போனதும் எங்கேயும் நிற்காமல் கூடம் முழுவதையும் ஒரு சுற்று நடந்துவிடுகிறேன். அப்போதே நாலைந்து படங்கள் ஏதோ ஒரு விதத்தில் இழுக்கும். எரிச்சலூட்டுவதும் இழுப்புதான், அதையும் சேர்த்துக்கொள்வேன். பிறகு அவற்றிடம் மட்டும் திரும்பிப் போவேன். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று நின்றால் ஒரு மணி நேரத்தில் காலும் கண்ணும் சேர்ந்து ஓய்ந்துவிடும்.

ஒரு படத்தை மூன்று தூரத்தில் பார்ப்பேன். அறையின் எதிர்ப்பக்கத்திலிருந்து, நடுவிலிருந்து, பிறகு அனுமதிக்கும் அளவுக்குக் கிட்டத்தில். கடைசியாகப் பக்கவாட்டில் போய் நின்று கேன்வாஸின் ஓரத்தைப் பார்ப்பேன். இதைச் செய்கிறவர்கள் குறைவு, ஆனால் ஓரத்தில் நிறைய இருக்கும். சட்டகம் போடாத படமாக இருந்தால், முன்பக்கம் ஒரே வெள்ளையாகத் தெரியும் படத்தின் ஓரத்தில் மஞ்சளும் ஊதாவும் வழிந்து காய்ந்திருப்பதைக் காணலாம். அந்த வெள்ளைக்குக் கீழே எத்தனை நிறங்கள் முதலில் வந்து போயின என்று அந்தச் சொட்டுகள் சொல்லிவிடும்.

கைபேசியை எடுப்பதாக இருந்தால் பார்த்து முடித்த பிறகு. எடுத்துவிட்டால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மனம் நகர்ந்துவிடுகிறது. அதோடு, ரைன்ஹார்ட்டின் கறுப்பு எந்தக் கைபேசியிலும் கறுப்பாகத்தான் விழும். படம் பிடிக்கச் செலவாகிற அந்த நேரத்தில், பார்ப்பதை வாய்விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கலாம், கூட ஆள் இருந்தால் இன்னும் நல்லது. "மேலே பச்சை. அதுக்குள்ள ஒரு கீறல். கீறல் வலது பக்கம் போகப் போக மங்குது." ஐந்தாறு வாக்கியத்துக்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லாததுபோல ஒரு கட்டம் வரும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பிறகு வரும் வாக்கியங்களில்தான் முதல் பார்வையில் படாதவை வெளியே வரும். மூன்று கறுப்புகளையும் நாங்கள் பிரித்தறிந்தது அப்படிப்பட்ட ஒரு கட்டத்துக்குப் பிறகுதான்.

காணொளி ஓடும் இருட்டறைகளுக்குள் நுழைவதற்கு முன் வாசலில் உள்ள அட்டையில் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். நாலு நிமிடமானால் முழுக்கப் பாருங்கள். நாற்பது நிமிடமானால் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டு போங்கள். நடுவில் நுழைந்து நடுவில் வெளியேறிவிட்டு அதைப் பற்றி அபிப்பிராயம் வைத்துக்கொள்வதில் யாருக்கும் பலன் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு படைப்பு பிடிக்காமல் போகலாம். அது முழுக்க உங்கள் உரிமை. நன்றாகப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. இதில் தடுமாறியவர்கள் ரசிகர்கள் மட்டும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 1926-இல் சிற்பி பிரான்குசியின் 'வெளியில் ஒரு பறவை' என்ற வெண்கலச் சிற்பம் அமெரிக்கா போய் இறங்கியபோது, சுங்க அதிகாரிகள் அதைச் சிற்பமாக ஏற்காமல், சமையல் சாமான், மருத்துவமனைச் சாமான் வகையில் சேர்த்து 40 சதவீத வரி போட்டார்கள். இறகும் அலகும் இல்லாத மெல்லிய, பளபளக்கும் வளைவு அது. வழக்கு நடந்து, 1928-இல்தான் அது கலைப்படைப்பு என்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றத்துக்கே யோசிக்க நேரம் தேவைப்பட்டிருக்கிறது.

அண்ணனுக்கும் எனக்கும் இன்னமும் ஒத்துப்போகாதது பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் விஷயத்தில். 1917-இல் அவர் ஆண்கள் கழிவறையில் பொருத்துகிற ஒரு சிறுநீர்க் கோப்பையை 'நீரூற்று' என்று பெயரிட்டு, ஆர். மட் என்று கையெழுத்திட்டு, நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். கட்டணம் கட்டிய யாருடைய படைப்பையும் ஏற்போம் என்று அறிவித்திருந்த கண்காட்சி அது. இதை மட்டும் காட்சிக்கு வைக்கவில்லை. அசல் தொலைந்துவிட்டது. இன்றைக்கு அருங்காட்சியகங்களில் இருப்பவை பிற்காலத்தில், பெரும்பாலும் 1964-இல் செய்த பிரதிகள். அந்தக் கண்காட்சியின் வாக்குறுதியைச் சோதித்த அளவில் துஷாம்ப் ஜெயித்துவிட்டார், அந்தச் செயலைத்தான் நான் மதிக்கிறேன், பிரதியின் முன்னால் நின்று பார்க்க எனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பது என் கட்சி. அண்ணன் இதில் எனக்கு நேர் எதிர். "செங்கல்லுக்கு நீதானே மத்த ஏழையும் தேடச் சொன்ன? இதுக்கு மட்டும் ஏன்டா பாதியில நிறுத்துற?" என்கிறார். விதியை எழுதியவர்கள் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்பதற்கான ஆதாரம் அந்தக் கோப்பை, ஆதாரத்தின் நகலையும் கோப்பில் வைக்கத்தான் வேண்டும் என்பது அவருடைய வாதம். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த தடவை அதன் பிரதி ஒன்று இருக்கிற கூடத்துக்குப் போனால், அதன் பின்பக்கமும் சுற்றிவந்து பார்ப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.